நாற்பது சென்டிமீட்டர் தண்ணீர்

திங்கட்கிழமை முதல் ஆள் நான்தான்.
மூன்று லிட்டர் ஊசியால் இயந்திரத்தைச் சரிபார்த்த பின்
என் மூச்சை நானே அளந்து ஏட்டில் எழுதவேண்டும்.
போன வாரம் போலவே நான் இருந்தால்
இயந்திரம் பொய் சொல்லவில்லை என்று பொருள்.
பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில்
பதினோரு வருடமாக நான் ஒரு படிக்கல்.

எட்டரைக்குப் புஷ்பலீலா.
பாயான் லெப்பாஸ் சில்லுத் தொழிற்சாலையில்
இருபத்திரண்டு வருடம்,
தூசி நுழையாத அறையில், கண் மட்டும் தெரியும் வெள்ளை உடையில்,
தன் மூச்சு எதன்மேலும் பட்டுவிடாமல் வேலை பார்த்தவள்.
இப்போது மூச்சே வேலையாகிவிட்டது.

கணினி கேட்கிறது: வயது, உயரம், எடை, இனம்.
இறங்கும் பட்டியலில் எங்களுக்கென்று ஒன்றில்லை,
'மற்றவர்'தான்.
"இங்கயும் லாயின்-லாயினா?" என்று சிரித்தாள்.
சிரித்தது செலவு.
அரை நிமிடம் இருவரும் காத்திருந்தோம்.

முதலில் கண்ணாடிப் பெட்டி.
மூக்கில் கிளிப், கன்னங்கள் உப்பாமல் இரண்டு உள்ளங்கை.
வாய்க்கு எதிரே அடைப்பு மூடும்.
மூடியதற்கு எதிராக நாய் இளைப்பதுபோல
சின்னச் சின்னதாய் இளைக்கவேண்டும்.
திரையில் கோடு செங்குத்தாய் எழுந்தது.
குழாய்களில் தடையே இல்லை.
விடிகாலை மூன்று மணிப் பாலம்போல
அக்கரைவரை காலி.
வண்டிதான் கிளம்பவில்லை.

அடுத்தது பலம்.
"எல்லாத்தையும் வெளிய விடுங்க, இன்னும், இன்னும்,
இப்ப இழுங்க! இழுங்க இழுங்க விடாதீங்க!"
என் கத்தல் லிப்ட் வரைக்கும் கேட்குமாம்.
மலாய்க்காரர்களுக்குத் தாரிக் தாரிக்,
ஹொக்கியன் தாத்தாக்களுக்குக் கிணற்றுக் கயிறுபோலக்
கையால் இழுத்துக் காட்டுவேன்.
எதுவும் நகராது. ஒரு துளிக் காற்றும் உள்ளே வராது.
திறக்காத கதவை இழுக்கிற இழுப்புக்குத்தான் இங்கே மதிப்பெண்;
அந்த இழுப்பு தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றும்
என்பது கணக்கு.

தைப்பூசத்துக்கு முந்தி எழுபத்தொன்று.
சித்திரையில் ஐம்பத்தெட்டு.
இன்று முப்பத்தொன்பது, நாற்பது, முப்பத்தொன்பது.
மூன்றும் ஒத்துப்போகவேண்டும் என்பது விதி.
இவ்வளவு ஒழுங்காகத் தளர்ந்தவளை நான் பார்த்ததில்லை.
நாற்பது என்றால்
அடைமழைக்கு எங்கள் லோரோங்கில் ஏறுகிற அளவு,
முழங்காலுக்குச் சற்றுக் கீழே.

கடைசியாக மூக்கால்.
"பாலேக் பூலாவ்ல துரியான் கடையத் தாண்டுறீங்க. ஒரே உறிஞ்சு."
நாற்பத்துமூன்று.
துரியானுக்கு மூன்று சென்டிமீட்டர் கூடுதல்.

எண்ணைச் சொல்வது டாக்டர் வேலை,
கத்துவது என் வேலை.
ஆனால் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்ததை
அவள் நேராகவே படித்துவிட்டாள்.
"உங்களுக்கு எவ்ளோ மிஸ்ஸி?"
"தொண்ணூத்தாறு."
"அம்புட்டையும் வச்சிக்கிட்டு என்ன பண்றீங்க?"
"உங்களப் பாத்துக் கத்துறேன்."
இந்த முறை அவள் சிரிக்கவில்லை, கண்ணால் மட்டும்.

வெளியே அவள் கணவர் தருமலிங்கம்
கோப்பிப் பொட்டலத்தை நரம்பால் தொங்கப் பிடித்து நின்றார்.
நெற்றியெல்லாம் வேர்வை. "நானும் இங்கேர்ந்து இழுத்தேன்" என்றார்.
அவள் ஸ்ட்ராவைக் கவ்வினாள்.
பழுப்பு மெல்ல ஏறியது,
பாதியில் நின்றது,
ஏறியது.
பேனா இல்லாத கையோடு
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த திங்கள் எனக்கு எண்பத்தெட்டு.
முதலில் இயந்திரத்தைச் சந்தேகிக்கவேண்டும், அதுதான் முறை.
சந்தேகித்தேன். ஊசி சரி, வடிகட்டி சரி.
அறையில் கத்துவதற்கு ஆளில்லை.
ரப்பரை மறுபடி கவ்விக்கொண்டேன்.